பழைய சீக்கோ 5 வாங்கும் முன்: உள்ளே இருப்பது அதற்குரிய மெஷின்தானா?

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் பெட்டிகளில் நம் ஊர்களுக்கு வந்திறங்கிய சீக்கோ 5 கைக்கடிகாரங்கள் இப்போது மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பல, இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ பழுதுபார்ப்பவர்களின் மேசைகளைக் கடந்து வந்தவை. கேஸ் ஒரு கடிகாரத்திலிருந்தும், டயல் இன்னொன்றிலிருந்தும், மெஷின் மூன்றாவது ஒன்றிலிருந்தும் எடுத்துப் பூட்டப்பட்டிருப்பது மிகச் சாதாரணமாகக் காணக்கூடியது. அப்படிப்பட்ட கடிகாரமும் ஓடும், நேரமும் காட்டும். ஆனால் பழைய சீக்கோ என்று சொல்லி அதற்குரிய விலையைக் கேட்கும்போது, வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இவற்றைப் பார்த்துக் கொடுத்ததில் எனக்குத் திரும்பத் திரும்பத் தென்பட்ட அறிகுறிகளை வைத்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை நம்மிடம் அதிகம் புழங்கும் நான்கு மெஷின்களுக்கு மட்டும் பொருந்தும்: 6119, 7009, 6309, 7எஸ்26. சீக்கோவின் வேறு எண்கள் சில வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், இவற்றை அவற்றின்மேல் ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

## சோதனைக்கு முன்: எண்கள் இருக்கும் இடங்கள்

பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, பின் நான்கு இலக்கம் என ஓர் எண் இருக்கும். 6309-7040 என்றிருந்தால், 6309 மெஷினின் எண். 7040 கேஸின் எண். டயலின் கீழ் விளிம்பில், ஆறு மணிக்கு இருபுறமும், கண்ணுக்கு எளிதில் அகப்படாத சிறிய எழுத்தில் இன்னோர் எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கமும் மெஷினைக் குறிக்கும். அடுத்து வருவது டயலுக்குரிய எண் என்பதால் அது கேஸ் எண்ணோடு ஒத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது எண் மெஷினிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காணப் பின்மூடியைத் திறக்க வேண்டும்.

இந்த மூன்றும் ஒரே தரத்துச் சாட்சிகள் அல்ல. பின்மூடியை ஒரே நிமிடத்தில் மாற்றிவிடலாம். மெஷினின்மேல் சுழலும் அரைவட்ட வடிவ ரோட்டரை ஒரே ஒரு திருகைக் கழற்றி மாற்றிவிடலாம். ஆகவே ரோட்டரில் உள்ள எழுத்தைப் பார்த்து நிறைவடையாமல், அதன் அடியில், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அருகே மெஷினின் உடம்பில் பொறித்துள்ள எண்ணையே கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி 1: நொடிமுள் நொடிக்கு ஒருமுறை மட்டும் தாவுகிறது

இந்த நான்கு மெஷின்களும் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஆறு. முள் வழுக்கிச் செல்வதுபோலத் தெரிய வேண்டும். நொடிக்கு ஒரு தாவல் என்றால் உள்ளே பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின் இருக்கிறது. டயலில் ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருந்தால் இதற்கு வேறு விளக்கம் கிடையாது. மேற்கொண்டு சோதிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முள் வழுக்கிச் செல்வதனால் மட்டும் மெஷின் சரியானது என்று ஆகாது. நான்குக்கும் துடிப்பு ஒன்றே என்பதால், கைபேசியில் ஒலியைப் பதிவு செய்து துடிப்பை எண்ணினாலும் 7009 எது, 6309 எது என்று பிரித்தறிய முடியாது.

## அறிகுறி 2: சாவியைத் திருகினால் சுற்று ஏறுகிறது, இழுத்தால் நொடிமுள் நிற்கிறது

இந்த நான்கு மெஷின்களுக்கும் கையால் சாவி கொடுக்க முடியாது. கை அசைவில் ரோட்டர் சுழன்றுதான் சுற்று ஏறும். நேரம் வைப்பதற்காகச் சாவியை, அதாவது கேஸின் பக்கத்திலுள்ள குமிழை, முழுவதும் இழுத்தாலும் நொடிமுள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே சாவி உள்ளே அமர்ந்திருக்கும் நிலையில் திருகும்போது விரலில் நறநறவென்ற மெல்லிய எதிர்ப்புத் தெரிந்து, நின்றிருந்த கடிகாரம் ஓடத் தொடங்கினால், உள்ளே இருப்பது வேறு மெஷின்.

பெரும்பாலும் அது 4ஆர்36 ஆகவோ, அதே அமைப்பில் பெயரின்றி மற்ற நிறுவனங்களுக்கு விற்கப்படும் என்எச்36 ஆகவோ இருக்கும். இவை 7எஸ்26 இருந்த கேஸில் அப்படியே அமர்வதால், பழுதுபார்ப்பவர்கள் பழையதைச் சரிசெய்வதைவிடப் புதியதைப் போட்டுவிடுவது எளிது என்று முடிவு செய்கிறார்கள். திறந்து பார்த்தால் 24 ஜுவல் (உராய்வைக் குறைக்கப் பதிக்கும் சிறு கற்கள்) என்று இருக்கும். இவை நல்ல மெஷின்கள், பழையதைவிட வசதியானவை என்றும் சொல்வேன். ஆனால் பழைய மெஷின் அல்ல. பழைய மெஷினுக்குரிய விலை இவற்றுக்குப் பொருந்தாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பின்மூடியில் 6306 என்று இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான மெஷின். அதில் சாவியை இழுக்கும்போது நொடிமுள் நிற்பது முறையானதே. அதை 6309 என்று தவறாகப் படித்துவிட்டுக் குறை கண்டுபிடிக்க வேண்டாம்.

## அறிகுறி 3: தேதி மாற்றும் முறை பின்மூடி எண்ணோடு பொருந்தவில்லை

திறக்காமலேயே செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். 6119 மெஷினில் சாவியை உள்நோக்கி அழுத்தினால் தேதி நகரும். வெளியே இழுப்பதற்கு ஒரே ஒரு நிலைதான் உண்டு, அது நேரம் வைப்பதற்கு. 7009, 6309, 7எஸ்26 மூன்றிலும் அப்படி இல்லை. சாவியை ஒரு படி இழுத்துத் திருப்பினால் தேதியும் கிழமையும் மாறும். இரண்டாம் படி இழுத்தால்தான் முட்கள் நகரும்.

சோதிக்கும் முன் முட்களை இரவு 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடைப்பட்ட வேளையிலிருந்து விலக்கி வையுங்கள். அந்த வேளையில் தேதியை மாற்றும் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். வலிந்து மாற்றினால் பல் உடையும், உடைத்தவர் நீங்கள் என்ற பழியும் வரும்.

பின்மூடியில் 6119, அழுத்தினால் தேதி மாறவில்லை, இழுப்பதற்கு ஒரே படி. இது மெஷின் மாறியதன் அறிகுறி அல்ல. பழைய எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டதாலோ, அழுத்தும் பகுதி தேய்ந்ததாலோ வரும் குறை. பெரும்பாலும் சர்வீஸில் சரியாகும். அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசலாம்.

பின்மூடியில் 6119, இழுப்பதற்கு இரண்டு படிகள், முதல் படியில் தேதி மாறுகிறது. மெஷின் மாற்றப்பட்டிருக்கிறது. என் உறவினர் ஒருவர் ஒருமுறை இப்படி ஒன்றை வாங்கி வந்தார். அழுத்தினால் தேதி மாறாததற்குக் காரணம் கேட்டபோது, துரு ஏறி இறுகிவிட்டது என்று விற்றவர் சொன்னதை அவர் நம்பிவிட்டார். நான் ஒரு படி இழுத்துத் திருப்பினேன். தேதி அழகாக மாறியது. திறந்தபோது 7009 என்று பொறித்த, 17 ஜுவல் மெஷின் இருந்தது. டயலில் 21 ஜுவல் என்று அச்சிட்டிருந்ததையும் அப்போதுதான் இருவரும் கவனித்தோம். பணம் கொடுப்பதற்கு முன் பத்து நொடியில் முடிந்திருக்கக்கூடிய சோதனை அது.

பின்மூடியில் 7009 அல்லது 6309, தேதி மாறும் முறையும் பொருந்துகிறது. இந்த இரண்டையும் வெளியிலிருந்து பிரிக்க முடியாது. இரண்டும் 17 ஜுவல், இரண்டும் ஒரே விதமாகத் தேதி மாற்றுபவை. திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

## அறிகுறி 4: பின்மூடி எண்ணும் டயல் எண்ணும் முரண்படுகின்றன

முதலில் எண்ணைச் சரியாகப் படித்தீர்களா என்று பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லையென்றால், கைபேசியில் அருகிலிருந்து படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். தேய்ந்த பின்மூடியில் 6 என்பது 8 ஆகவும் 0 ஆகவும் தெரியும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடித்தால் பள்ளங்கள் நிழல் விழுந்து தெளியும்.

படித்தது சரிதான் என்றால், அடுத்து எளிய காரணம் பின்மூடி மட்டும் மாறியிருப்பது. துருப்பிடித்த மூடிக்குப் பதிலாக அதே அளவுள்ள இன்னொன்றைப் போட்டிருப்பார்கள். அப்படியானால் டயல் எண்ணும் மெஷின் எண்ணும் ஒத்திருக்கும். இது பெரிய குற்றமல்ல. ஆனால் பின்மூடியில் உள்ள வரிசை எண்ணை வைத்து ஆண்டைச் சொல்லி விற்கிறார் என்றால், அந்த ஆண்டு இந்தக் கடிகாரத்தினுடையது அல்ல.

இரண்டாவது காரணம், டயல் மாற்றப்பட்டிருப்பது அல்லது மீண்டும் வண்ணம் பூசி அச்சிடப்பட்டிருப்பது. மறுபூச்சு டயல்களில் அடி விளிம்பு எண் முற்றிலும் இல்லாமலே போயிருக்கும். அல்லது எழுத்து தடித்து, வளைவில் நேராக நில்லாமல் இருக்கும். மும்பையில் இப்படிப் பளிச்சென்ற நிறங்களில் புதுப்பித்துப் பெருமளவில் விற்கப்படுவதால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையே அந்த நகரின் பெயரையே இதற்கு அடைமொழியாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. புதுப்பித்த டயல் தன்னளவில் மெஷினைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இருந்தாலும் டயலைக் கழற்றுவதற்கு மெஷினை வெளியே எடுத்தாக வேண்டும் என்பதால், மெஷின் வெளியே வந்த கடிகாரம் என்பது மட்டும் உறுதி. அதனால் திறந்து பார்க்காமல் அதை வாங்கக் கூடாது.

மூன்றாவது, மெஷினும் டயலும் ஒரு கடிகாரத்திலிருந்து முழுதாக வந்து வேறொன்றின் கேஸில் அமர்ந்திருப்பது. கேஸ் அழகாக இருந்து, உள்ளே உள்ளது கெட்டுப்போனபோது இப்படிச் செய்வார்கள். இது அறிகுறி 5-இலும் 6-இலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

## அறிகுறி 5: தேதி எண் சன்னலில் சாய்ந்து நிற்கிறது அல்லது டயல் சற்றே திரும்பியிருக்கிறது

பழைய சீக்கோ 5-இல் சாவி நான்கு மணியருகே இருப்பதையும், சிலவற்றில் மூன்று மணியில் இருப்பதையும் கண்டிருப்பீர்கள். சாவி எங்கே இருந்தாலும் சன்னல் மூன்று மணியில்தான் இருக்கும். சாவி கீழே இறங்கியிருக்கும் கடிகாரத்தில் மெஷின் முழுவதுமே சற்றுத் திரும்பி அமர்வதால், அதற்கு ஈடாகத் தேதித் தட்டிலும் கிழமைத் தட்டிலும் எண்களையும் எழுத்துகளையும் கோணம் மாற்றி அச்சிடுவார்கள். மூன்று மணிச் சாவிக்காக அச்சிட்ட தட்டுள்ள மெஷினை நான்கு மணிச் சாவிக் கேஸில் வைத்தால், சன்னலில் தேதி சாய்ந்தே தெரியும். எந்தப் பழுதுபார்ப்பவராலும் அதைத் திருகி நேராக்க முடியாது; தட்டையே மாற்ற வேண்டும்.

ஆனால் எல்லாச் சாய்வும் மெஷின் மாற்றம் அல்ல. வரிசையாகப் பாருங்கள்.

தேதி பாதி மேலும் பாதி கீழுமாக நின்றால், முதலில் முட்களை நள்ளிரவைத் தாண்டிச் சுற்றி, முழுதாக மாறவிடுங்கள். மாறிய பின் நடுவில் வந்து நின்றுவிட்டால் ஒரு குறையும் இல்லை. எல்லாத் தேதியும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ நேராக நின்றால், டயல் சற்று நகர்ந்திருக்கலாம். எண்ணே கோணலாகச் சாய்ந்திருந்தால் மட்டும் தட்டு வேறு கடிகாரத்தினுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டயல் நகர்ந்திருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கும். டயலின் அடியில் இரண்டு சிறு கால்கள் உண்டு; மெஷினில் அவை அமர்வதற்கான துளைகள் உண்டு. ஒரு மெஷினின் டயலை வேறு மெஷினில் பொருத்த விரும்புகிறவர்கள், துளை பொருந்தாதபோது கால்களை வெட்டிவிட்டுப் பசையாலோ இருபுறமும் ஒட்டும் நாடாவாலோ ஒட்டிவிடுவார்கள். அப்படி ஒட்டிய டயலில் பன்னிரண்டு மணிக் குறி கேஸின் நடுக்கோட்டிலிருந்து இடமோ வலமோ விலகியிருக்கும். பட்டைப் பூட்டும் கொம்புகள் இரண்டுக்கும் நடுவே ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் அந்த விலகல் தெரியும். பசை காலப்போக்கில் மெஷினுக்குள் இறங்கினால் தேதித் தட்டே இறுகிவிடும். கால் வெட்டிய டயலைத் திருத்துவதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் கடிகாரத்தின் விலைக்கே போட்டியாக நிற்பதால், இந்த நிலையில் நான் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கிழமை அரபியில் தெரிவதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். வளைகுடாச் சந்தைக்கு வந்தவற்றில் ஆங்கிலமும் அரபியும் சேர்ந்த தட்டுத்தான் இருக்கும். சவூதியிலிருந்து வந்தது என்று சொல்லப்படும் கடிகாரத்துக்கு அது ஒத்துவரும் சாட்சி.

## அறிகுறி 6: உள்ளே மெஷின் ஆடுகிறது, சாவி சரியாக அமரவில்லை

காதருகே வைத்து மெதுவாக அசையுங்கள். ரோட்டர் சுழலும் ஓசை மென்மையாக, தொடர்ச்சியாக இருக்கும். அதோடு சேர்ந்து கட்டென்று ஒரு தட்டல் கேட்டால், ரோட்டரின் திருகு தளர்ந்திருக்கலாம். இதுவே எளிய காரணம், சில நிமிட வேலை. அடுத்தது, மெஷினைச் சுற்றிக் கேஸுக்குள் இறுக்கிப் பிடிக்கும் வளையம் உடைந்திருக்கலாம் அல்லது சர்வீஸின்போது போடாமல் விடப்பட்டிருக்கலாம். கடைசியாக, அந்தக் கேஸுக்கு உரியதல்லாத மெஷின், வளையம் பொருந்தாமல் உள்ளே மிதந்துகொண்டிருக்கலாம்.

சாவியைப் பாருங்கள். கேஸோடு ஒட்டி அமராமல் இடைவெளி விட்டு நின்றாலோ, இழுக்கும்போது மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைந்து வந்தாலோ, மெஷினின் தண்டும் கேஸின் துளையும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். வேறு மெஷின் என்பதற்கு இது வலுவான அறிகுறி. சாவியைப் பலமுறை இழுத்துப் பார்க்க வேண்டாம், தண்டு முறிந்துவிடும். இங்கே உங்கள் சோதனையை நிறுத்திக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 7: சொல்லும் ஆண்டும் மெஷினும் பொருந்தவில்லை

1970-களிலிருந்து வந்த பின்மூடிகளின் ஆறு இலக்க வரிசை எண்ணில், முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை அந்தந்த மாதம், அக்டோபருக்கு 0, நவம்பருக்கும் டிசம்பருக்கும் ஆங்கிலத்தில் அம்மாதங்களின் முதல் எழுத்து. எந்தப் பத்தாண்டு என்பதை மெஷினின் காலத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். 6309 மெஷின் 1976 முதல் 1988 வரை உருவானது. ஆகவே 6309-7040 எனும், நீரில் மூழ்குபவர்களுக்கான நீர்மூழ்கிக் கடிகாரத்தில் வரிசை எண் 43 என்று தொடங்கினால் 1984 மார்ச். அதையே 1974 என்று விற்பவர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

7எஸ்26 மெஷின் 1996-இல்தான் வந்தது. 1970-களின் கடிகாரம் என்று சொல்லி, உள்ளே 7எஸ்26 இருந்தால், அது தொழிற்சாலையிலிருந்து அப்படி வந்திருக்க வழியே இல்லை. வாதிட வேண்டிய தேவையில்லாத சான்று இது.

## அறிகுறி 8: எல்லாம் பொருந்துகிறது, ஆனால் நேரம் தவறுகிறது

இதை மெஷின் மாற்றத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பல்லாண்டு எண்ணெய் மாற்றாத சரியான மெஷின் ஒரு நாளில் சில நிமிடம் பின்தங்கலாம்; புதிதாகச் சர்வீஸ் செய்த தவறான மெஷின் நொடி பிசகாமலும் ஓடலாம். சில நிமிடங்களுக்குள் மிக வேகமாக முந்திச் சென்றால் பேலன்ஸோடு இணைந்த மெல்லிய ஹேர்ஸ்பிரிங் சுருள் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும், காந்தம் ஏறியிருந்தாலும் அப்படி ஆகும். காந்தம் நீக்குவது எளிய வேலை என்பதால் அதையே முதலில் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகும் சரியாக ஓடாவிட்டால் முழுச் சர்வீஸ். பேலன்ஸ் உடைந்திருந்தால் அதே எண்ணுள்ள உதிரி மெஷின் ஒன்று தேவைப்படும். அந்தச் செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விலை பேசுங்கள்.

## பின்மூடியைத் திறப்பது, அல்லது திறக்க மறுப்பது

இந்தக் கடிகாரங்களின் பின்மூடி பெரும்பாலும் திருகி மூடும் வகை. அதற்குரிய சாவிக் கருவி இல்லாமல் இடுக்கியாலோ கத்திரியாலோ முயன்றால் கீறல் விழும், அந்தக் கீறலுக்குப் பின் எண்ணையும் படிக்க முடியாது. விற்பவரின் முன்னிலையில், அவர் சம்மதத்துடன், ஒரு பழுதுபார்ப்பவரிடம் திறக்கச் செய்வதே முறை. திறந்ததும் மூன்றைப் படமெடுங்கள்: பேலன்ஸ் அருகே உள்ள எண், ஜுவல் எண்ணிக்கை, மெஷினைச் சுற்றியுள்ள வளையம். ரோட்டரில் ஓர் எண்ணும் மெஷினின் உடம்பில் வேறோர் எண்ணும் இருந்தால், ரோட்டர் இரவல். மூடும்போது ரப்பர் வளையம் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

தொலைவிலிருந்து வாங்குவதாக இருந்தால், திறந்த நிலையில் மெஷினையும் அதே சட்டகத்தில் பின்மூடியின் உட்புறத்தையும் காட்டும் படத்தைக் கேளுங்கள். பக்கத்தில் அன்றைய தேதியைக் கையால் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும். பொதுவாக எடுத்து வைத்த படத்தை அனுப்புகிறவர்கள் இந்தத் தாளைக் கண்டு பின்வாங்கிவிடுவார்கள். திறந்தால் கெட்டுவிடும் என்று ஒருவர் மறுத்தால், சாதாரண சீக்கோ 5-க்கு மெஷின் தெரியாத கடிகாரத்துக்குரிய விலையை மட்டும் சொல்லுங்கள். நீர்மூழ்கி வகைகளுக்கும், 6139 போன்ற நிறுத்துக்கடிகாரம் சேர்ந்த மெஷின்களுக்கும் அந்த விலைகூடச் சொல்லாமல் வந்துவிடுங்கள்.

தாத்தாவோ அப்பாவோ கட்டியிருந்த கடிகாரத்தில் மெஷின் மாறியிருப்பது தெரிந்தால், உடனே பழைய மெஷினைத் தேடி ஓட வேண்டாம். உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர் ஒருவர் அதை ஓட வைப்பதற்காகக் கையிலிருந்ததைப் பொருத்தியிருப்பார். அதே எண்ணுள்ள மெஷின் நல்ல நிலையில் எப்போதாவது கிடைத்தால் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த சர்வீஸின்போது மாற்றிக்கொள்ளலாம். கழற்றியதையும் ஒரு சிறு உறையில் போட்டுக் கடிகாரத்தோடு பத்திரமாக வையுங்கள்.